சிலம்பை உடைத்துப் பார்த்தல்

நம்மிடையே ஒரு விசித்திரமான வேலைப்பிரிவினை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு கவிதையைக் காட்டினால் அது தேறுமா தேறாதா என்று ஐந்து நிமிஷத்தில் கறாராகச் சொல்லிவிடுகிறோம். ஒரு செயலைக் காட்டினால் மட்டும் ‘அது அவரவர் பார்வையைப் பொறுத்தது’ என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். முதல் விஷயத்தில் மாற்று அபிப்ராயத்தைச் சகித்துக்கொள்வது சோரம் போவது. இரண்டாவதில் சகித்துக்கொள்ளாமல் இருப்பது பத்தாம்பசலித்தனம். ஒரே மண்டைக்குள் இரண்டும் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று யாரும் விசாரிப்பதில்லை.

சின்னமனூரில் பிறந்த சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ தொடங்கியபோது கேட்டது அதிகமில்லை: பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்தாமல் பிரதியைப் பிரித்து, எங்கே என்று காட்ட வேண்டும். க.நா.சு.வின் ரசனைத் தீர்ப்புகளோடு அவருக்கிருந்த பிணக்கும் இதைச் சுற்றியதுதான். அந்தப் பிணக்கில் யார் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் சரி, ‘காட்டு’ என்று கேட்கிறவனுக்கு அந்த உரிமை உண்டு என்பது இன்று நமக்குப் பழகிப்போய்விட்டது. ‘இது தவறு’ என்ற வாக்கியத்திடமும் அப்படிக் கேட்கலாமா? அல்லது அது ‘எனக்கு இது கசக்கிறது’ என்பதன் உடுத்திவிட்ட வடிவம் மட்டும்தானா? உண்மை, பொய் என்ற சொற்களுக்கு அது கட்டுப்பட்டதா என்பதுதான் பிரச்னை.

கட்டுப்பட்டதல்ல என்று சொல்லும் நண்பர்கள் எங்கள் பகுதியிலிருந்தே ஒரு சாட்சியைக் கொண்டுவருகிறார்கள். லோயர் கேம்ப் என்பது கூடலூரைத் தாண்டி, பள்ளத்தாக்கு முடிந்து குமுளி மலைப்பாதை தொடங்கும் இடம். மேலே அணையில் தேங்கும் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, மலைச்சரிவில் பதித்த ராட்சசக் குழாய்களில் இறங்கி, மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு இங்கேதான் ஆறாகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும், வைகை வழியாக மதுரையும் அதற்கு அப்பாலும் 1895 முதல் இந்தத் தண்ணீரைத்தான் நம்பியிருக்கின்றன. கீழே நிற்பவன் ‘தண்ணீர் எங்கள் உரிமை’ என்கிறான். சில கிலோமீட்டர் மலையேறினால் அங்கே நிற்பவன் ‘அணை எங்கள் தலைக்கு மேல் தொங்கும் சாவு’ என்கிறான். 2011 டிசம்பரில் இந்த இரண்டு வாக்கியங்களும் கல்லாக மாறி எறியப்பட்டன, எல்லை அடைபட்டது, ஏலத்தோட்டங்களுக்கு அன்றாடம் ஜீப்பில் ஏறிப்போகும் பெண்கள் அஞ்சித் திரும்பினார்கள். ஆகவே நியாயம் என்பது சோதனைச்சாவடி வரைக்கும்தான், அதற்கப்பால் வேறு நியாயம் என்று முடிக்கிறார் நண்பர்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பார்க்கலாம். ஒருவனுடைய விளைச்சலுக்காக இன்னொருவன் வெள்ளத்தில் சாகலாம் என்று கம்பத்தில் யாராவது சொல்கிறார்களா? இல்லை, அணை உறுதியாக இருக்கிறது என்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பாய்ந்த தண்ணீரை நிறுத்தி விவசாயியைத் தெருவில் விடலாம் என்று கேரளம் சொல்கிறதா? இல்லை, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு என்பதுதான் அங்கே கோஷமே. அறக்கோட்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். மாறுவது சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்துக் கட்டிய ஒரு சுவரின் திடத்தைப் பற்றிய கணிப்பு. 1979இல் குஜராத்தில் மோர்வி அணை உடைந்ததைத் தொடர்ந்து எழுந்த பயத்தில் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 ஆகக் குறைக்கப்பட்டது. பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006இல் உச்சநீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு 2012இல் அறிக்கை தந்தது. 2014 மே 7ஆம் தேதி அந்தச் சட்டம் செல்லாதென்று தீர்ப்பானது. இவ்வளவும் அளவுகோலும் துளைக்கருவியும் சம்பந்தப்பட்ட சர்ச்சை. தார்மிகம் எல்லையில் இரண்டாகப் பிளந்ததற்கு இதில் அத்தாட்சி இல்லை.

நண்பர் கவனிக்க மறந்த இன்னொன்று: அணைக்குக் கீழே முதலில் வரும் ஊர்களில் ஒன்று வண்டிப்பெரியாறு. அங்குள்ள தேயிலைத் தோட்ட லயங்களில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. தமிழ் நியாயம், மலையாள நியாயம் என்று பிரிக்கிறவர்கள் அந்தத் தோட்டத் தொழிலாளியை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள்?

ஒப்பந்தக் கதைக்கு வருவோம். 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை, 999 வருஷம். திருவிதாங்கூர் மகாராஜா நெஞ்சு ரத்தத்தால் கையெழுத்திட்டதாகச் சொன்னார் என்று மலைக்கு மேல் ஒரு கதை. நிர்ப்பந்தத்தில் போட்ட கையெழுத்து யாரையும் கட்டுப்படுத்தாது என்பது நல்ல வாதம். அது அங்கே மட்டுமல்ல, இங்கேயும் நல்ல வாதம்தான். ஆனால் அதைச் சொன்னவுடனே ஒரு கேள்விக்கு ஆட்பட்டுவிடுகிறோம்: நிர்ப்பந்தம் நீங்கிய பிறகு என்ன நடந்தது? 1970 மே மாதம், அச்சுத மேனன் ஆட்சியில், வாடகையை முப்பது ரூபாயாக உயர்த்தி, மின்சாரத்துக்குத் தனித் தொகை விதித்து, மீன்பிடி உரிமையையும் வாங்கிக்கொண்டு, கேரளம் துணை ஒப்பந்தம் செய்தது. அப்போது வெள்ளைக்கார ரெஸிடெண்டு யாரும் பக்கத்தில் நிற்கவில்லை. இதனால் மேல்பக்கத்து வாதம் முழுக்க விழுந்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை, கணிசமாக அடிபடுகிறது. அடிபட முடிகிறதே என்பதுதான் எனக்கு முக்கியம். கசப்பு அடிபடாது. பாகற்காய் கசக்கிறது என்பவனிடம் 1970ஆம் வருஷத்து ஆவணத்தை நீட்ட முடியாது.

லோயர் கேம்புக்கு மேலேயே, பளியங்குடியிலிருந்து காட்டுப்பாதையில் ஏறினால், இந்தப் பிரச்னையைத் தமிழில் முதலில் கூர்மையாக எழுப்பியவளின் கோயில் இருக்கிறது. மங்கலதேவி. 1960களில் சி. கோவிந்தராசனார் இதுதான் கண்ணகி கோட்டம் என்று அடையாளம் சொன்னார். (அந்தக் கோயிலுக்கும் எல்லைத் தகராறு, சித்ரா பௌர்ணமி ஒரு நாள் மட்டும், இரண்டு மாநிலப் போலீசின் நடுவில், கண்ணகி தரிசனம் தருகிறாள்.) சிலப்பதிகாரத்தை மேடைகளில் நீதிநூலாக்கிவிட்டார்கள், ஆகவே நாம் அதைப் புரட்டுவதை விட்டுவிட்டோம். வழக்குரை காதையை மறுபடி படித்துப் பார்க்கலாம்.

அங்கே நடப்பது என்ன? கணவன் கள்வனல்லன் என்கிறாள் ஒருத்தி. கள்வனைக் கொல்வது முறைதான் என்கிறான் அரசன். இரண்டு பேரும் கொள்கையளவில் எதிரெதிராக நிற்கவில்லை. கள்வனையும் கொல்லக் கூடாது என்று அவள் வாதாடவில்லை. குற்றமற்றவனையும் கொல்லலாம் என்று அவனும் சொல்லவில்லை. தன் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்று அவள் முன்கூட்டியே சொல்கிறாள். தங்களுடையதில் இருப்பது முத்து என்று அவனும் முன்கூட்டியே, தன் வாயால், சொல்கிறான். பிறகுதான் சிலம்பு வருகிறது, உடைகிறது. உடைந்ததும் அரசன் புது வாதம் எதையும் தேடுவதில்லை. கள்வன் யார் என்ற சொல்லைத் தன்மேல் திருப்பிக்கொண்டு விழுகிறான்.

இந்த ஒழுங்கு எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. தீர்ப்பு தவறு என்று எதைக் கண்டால் ஒத்துக்கொள்வேன் என்பதை அரசன் பார்ப்பதற்கு முன்பே அறிவித்துவிடுகிறான். ஒரு தார்மிகக் கூற்று உண்மை, பொய் என்ற பேச்சுக்குத் தகுதி பெறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்: தான் உடைபடக்கூடிய இடத்தைச் சொல்லி, அந்த இடத்தில் உடைத்துப் பார்க்கச் சம்மதிக்கும்போது.

இதே காப்பியத்துக்குள் இதற்கு நேர் எதிரான ஒரு தத்துவமும் இருக்கிறது. நகரம் எரிந்துகொண்டிருக்கையில் மதுராபதித் தெய்வம் வந்து முற்பிறப்புக் கதை சொல்கிறது. கலிங்க நாட்டில் பரதனாக இருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி சாபமிட்டாள். அது இப்போது வந்து விளைந்தது. கேட்க இது அறத்தின் இரும்புச் சட்டம் மாதிரி இருக்கிறது. ஆனால் எதைக் கண்டால் இந்தக் கூற்று பொய் என்று ஒத்துக்கொள்வாய் என்று தெய்வத்தைக் கேட்க முடியாது. கோவலன் பிழைத்திருந்தால் அதற்கும் ஒரு பிறவி கிடைத்திருக்கும். பாண்டியன் தானாக ஏற்றுக்கொண்ட குற்றத்தைத் தெய்வம் அவன் தோளிலிருந்து எடுத்து ஊழின் தோளில் வைக்கிறது. செத்த அரசன் தெய்வத்தைவிட நேர்மையாக இருந்திருக்கிறான். அறத்தின் புறவயத்தன்மை என்று மேடைகளில் புகழப்படுவது பெரும்பாலும் மதுராபதியின் புறவயத்தன்மை. அதை நம்ப மறுக்கும் நண்பர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். அவர்கள் அத்தோடு சேர்த்துச் சிலம்பையும் தூக்கி எறிவதில்தான் ஆட்சேபணை.

கண்ணகியையும் விட்டுவிட முடியாது. பார்ப்பார், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள் என்று ஒரு பட்டியலை விலக்கிவிட்டு தீத்திறத்தார் பக்கம் போ என்று தீக்குக் கட்டளையிடுகிறாள். தீத்திறத்தார் யார்? அவர்களுடைய எந்தச் சிலம்பை யார் உடைத்துப் பார்த்தார்கள்? தன் கணவனுக்கு விசாரணை கேட்டவள் மதுரைக்கு அதைக் கொடுக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்த மேலைநாட்டுத் தத்துவமும் தேவைப்படவில்லை. நாலு பக்கம் முன்னால் அவளே அரசவையில் நிறுவிய அளவுகோல் போதும். யாரோ ஒருவருடைய உணர்ச்சி மட்டுமாக இருந்தால் அது அவரோடு திரும்பிப் போயிருக்கும். இது அவள் கையை விட்டு நழுவி அவளையே அளக்கிறது.

ஏ.ஜே. அயர் 1936இல் சொன்னபடி ‘இது தவறு’ என்பது ஒரு கூச்சல், தகவல் அல்ல. அப்படியானால் பாண்டியனின் கூச்சல் ஏன் ஒரு மாணிக்கத்துக்காகக் காத்திருந்தது என்பதற்கு அயரிடம் சமாதானம் உண்டு: மனோபாவம் தகவலின் மேல் ஏறி நிற்கிறது, தகவல் சரிந்தால் அதுவும் சரிகிறது என்பார். ஜே.எல். மக்கி கெட்டிக்காரர். 1977இல் வந்த அவர் புத்தகத்தின் வாதம் இன்னும் கூரானது: தார்மிக வாக்கியங்கள் உண்மை பேசுவதாகத்தான் பாவிக்கின்றன, ஆனால் அவை குறிப்பிடும்படியான சரக்கு உலகத்தில் எதுவும் இல்லை, ஆகவே அத்தனையும் பிழை. சரி, கோவலன் கள்வனல்லன் என்பதைச் சிலம்பு காட்டிவிட்டது. குற்றமற்றவனைக் கொல்லக் கூடாது என்பதை எது காட்டியது? அதற்குள் எந்தப் பரலும் இல்லையே?

இல்லைதான். ஆனால் பொற்கொல்லனைக் கவனிக்கலாம். அவன் ஒரு குற்றமற்றவனைக் கொல்வித்தான். அதற்கு அவன் கையாண்ட வழி என்ன? குற்றமற்றவனைக் கொல்லலாம் என்று அரசனிடம் வாதாடினானா? இவன் குற்றவாளி என்று தகவலைப் பொய்யாக்கினான். கோட்பாட்டை மீறுகிறவன் கோட்பாட்டைத் தொடுவதில்லை, தகவலைத் திருத்துகிறான். வேறு வழி அவனுக்கு அடைபட்டிருந்தது என்பது ஒரு சாட்சி. அறுதியான நிரூபணம் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். எல்லாரும் ஒரே மாயையில் இருந்திருக்கலாம் என்று மக்கி பதில் சொல்வார். எனக்கு அவரைக் கேட்க ஒன்று இருக்கிறது. அது எங்கள் மாவட்டத்து விஷயம்.

இந்த அணையைக் கட்டிய அதே அரசாங்கம் 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைச் சென்னை ராஜதானிக்கும் விரித்து, பின்பு பிரமலைக் கள்ளர் சமூகத்தை அதன் கீழ் கொண்டுவந்தது. ரேகைச் சட்டம் என்றுதான் கிழவர்கள் சொல்வார்கள். ஒரு சாதியில் பிறந்தவன் பிறப்பாலேயே கள்வன். இரவு அவன் எங்கே படுக்கிறான் என்று போலீசுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பதினைந்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள். சென்னை ராஜதானியில் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது: அறிவிக்கை சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது. அதாவது, சிலம்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பதே குற்றம் என்றாக்கினார்கள். கோவலனுக்காவது செத்த பிறகு ஒரு விசாரணை கிடைத்தது.

இப்போது நண்பருக்கு என் கேள்வி. அந்தச் சட்டத்தை எழுதிய அதிகாரிகள் அதை மனமார நம்பினார்கள். ராஜதானியின் படித்த வர்க்கத்தில் கணிசமானவர்களும் அதை ஆட்சேபிக்கவில்லை. அவரவர் பார்வைதான் நியாயம் என்றால் 1920இல் பெருங்காமநல்லூரில் நடந்தது அன்றைக்கு நியாயம்; நமக்கு இன்று பிடிக்காமல் போயிற்று, அவ்வளவுதான். இதை ஒருவர் அச்சில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதன் பிறகு ‘பார்வையைப் பொறுத்தது’ என்பதை ஒரு தத்துவ நிலைப்பாடாக மதிக்கிறேன். இதுவரைக்கும் அதை யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. உசிலம்பட்டியில் நின்றுகொண்டு சொல்லச் சொல்லவில்லை. நம் பத்திரிகையின் முந்நூறு பிரதிகளில் சொன்னால் போதும். ‘அவர்கள் அன்று தவறாக இருந்தார்கள்’ என்ற வாக்கியத்தை உச்சரிக்க விரும்புகிறவர் யாராயிருந்தாலும், அன்றைய பார்வைகள் அனைத்துக்கும் வெளியே ஒரு இடம் வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறார். மக்கியும் அதைத் தவறு என்று சொல்வார். தன் தத்துவத்தைப் பிடித்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வார் என்பதுதான் எனக்கு விளங்காதது.

பென்னிகுக் விவகாரம் இதைவிடச் சிக்கலானது. லோயர் கேம்பில் அவருக்கு 2013 ஜனவரி 15ஆம் தேதி, அவருடைய பிறந்த நாளில், மணிமண்டபம் திறந்தார்கள். பள்ளத்தாக்கில் பல வீடுகளில் அவர் படம் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். கேட்டால் காரணம் சொல்வார்கள்: வெள்ளம் வேலையை அடித்துக்கொண்டு போனது, அரசாங்கம் கைவிட்டது, அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையை முடித்தார். வெள்ளம் வந்தது உண்மை. சொத்து விற்ற கதைக்கு ஆவணங்களில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று தேடியவர்கள் சொல்கிறார்கள். அரசாங்க மராமத்து அப்படி நடப்பதுமில்லை. மலைக்கு மேல் ராஜாவின் ரத்தம், மலைக்குக் கீழே துரைசாணியின் நகை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு தியாகக் கதையை வைத்துக்கொண்டிருக்கிறது.

கதை பொய்யென்றால் ‘அவருக்கு நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்’ என்பதும் பொய்யாகிவிடுமா? நம் பகுத்தறிவு நண்பர்கள் ஆகும் என்பார்கள்: சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு எஞ்சினீயர், வரி வசூலுக்காகப் பாசனம் செய்த ஒரு அரசாங்கம், இதில் நன்றிக்கு என்ன இடம்? பக்தர்கள் கதையே உண்மை என்பார்கள். இரண்டு கூட்டமும் நன்றியின் அஸ்திவாரம் தியாகம் என்று எடுத்துக்கொண்டுவிட்டன. சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு நன்றி கிடையாது என்பவர்கள் வங்கிக் கவுண்டருக்கு வெளிப்புறமாக, நகைக்கடன் ரசீதோடு, ஒரு மத்தியானம் நின்று பார்க்கலாம். சம்பளக்காரன் செய்ய முடிகிறதும் செய்யாமலிருக்க முடிகிறதும் என்னவென்று தெரியும். காய்ச்சலும் காலராவும் பிடுங்கித் தின்ற ஒரு காட்டில், அடித்துக்கொண்டு போன வேலையை மறுபடி மறுபடி தொடங்கி முடித்த ஒருவர். 1876-78 பஞ்சத்தின் நினைவு மாறாத ஒரு ஜில்லாவுக்கு வந்து சேர்ந்த தண்ணீர். நகையை எடுத்துவிட்டாலும் இவ்வளவு நிற்கிறது. கடமைப்பட்டிருக்கிறோம் என்ற கூற்று உடையவில்லை. அதற்குச் சொன்ன காரணம்தான் உடைந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடிவதே, உணர்ச்சிக்கு அப்பால் இங்கே பரிசீலிக்க ஏதோ இருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

பரிசீலனை அங்கேயே நின்றுவிடாது. அணைக்கு வடக்கே ஒரு இடுகாடு இருக்கிறது. கட்டுமானத்தின்போது நோயில் மட்டும் செத்தவர்கள் நானூற்றுக்கு மேல் என்பது கணக்கு. தண்ணீருக்கு நன்றி என்றால் அந்த நன்றி அவர்களுக்கும் சேர வேண்டியது. பென்னிகுக் படத்துக்கு முன் கற்பூரம் காட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார், கொஞ்சம் சங்கடப்படுவார். அந்தச் சங்கடம் எதனால்? வெறும் பிடித்தம் என்றால், இன்னொருவரையும் பிடித்திருக்க வேண்டும் என்று யாராலும் அவரைச் சங்கடப்படுத்த முடியாது.

இனி, நண்பர்கள் பக்கம் நிஜமாகவே மிஞ்சும் ஒன்று. அணையைப் பற்றிய தகவல்கள் எல்லாம் தீர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்: எல்லா ஆய்வும் முடிந்து, இரு மாநில எஞ்சினீயர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, ஆபத்து மிகச் சிறியது, ஆனால் பூஜ்யமல்ல என்று சொல்லிவிட்டார்கள். எவ்வளவு சிறிய ஆபத்தை வண்டிப்பெரியாற்றுக்காரர் கம்பத்து நெல்லுக்காகச் சுமக்கக் கடமைப்பட்டவர்? இங்கே உடைப்பதற்குச் சிலம்பு எதுவும் என் கைவசம் இல்லை. ஒரு எண் சரி, அடுத்த எண் தவறு என்று சொல்லும் பரல் எங்காவது இருக்கிறது என்றும் எனக்குத் தோன்றவில்லை. இந்த இடத்தில் மக்கி ஜெயிக்கிறார். அபிப்ராயம் என்ற சொல்லை இதற்குக் கொடுத்துவிட எனக்குத் தடையில்லை. ஆனால் இங்கேயும் எல்லா அபிப்ராயத்துக்கும் ஒரே எடை கிடையாது. அணை உடைந்தால் தண்ணீர் மேற்கே பாயும். லோயர் கேம்புக்கு அதில் ஒரு சொட்டுகூட வராது. இங்கே வயல்தான் காயும். ஆபத்து எவ்வளவு சிறியது என்று மலைக்குக் கிழக்கே படுத்துறங்கும் என்னைப் போன்றவன் சொல்லும்போது, லயத்தில் படுத்துறங்குகிறவர் எதிர்க்கேள்வி கேட்கலாம். அவரிடம் இதுவரை யாரும் நேராகக் கேட்டதாகத் தெரியவில்லை. 999 வருஷத்தில் இன்னும் 850க்கு மேல் பாக்கியிருக்கிறது.